சுப்பராயலுவின் மார்புப் பெட்டி

டாக்டர் சாலமோன் மாடிப்படி ஏறிவந்த வேகத்திலேயே திரிபுரசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது, மனுஷர் சண்டைக்குத்தான் வருகிறார் என்று. சேலையூர் கேம்ப் ரோட்டில் அவள் வீட்டுக்கு எதிரேதான் அவருடைய நர்ஸிங் ஹோம்.

"மேடம், உங்க மொட்டை மாடி ஏரியல் என் பேஷண்டைக் கொன்னுடும்!"

திரிபுரசுந்தரிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. முறைப்படி லைசென்ஸ் வாங்கி, ஓய்வு நேரத்தில் ஹாம் ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுபவள். "முதல்ல உட்காருங்க டாக்டர். என்ன ஆச்சு?"

மாரடைப்பு வந்து தேறிக்கொண்டிருந்த சுப்பராயலுவின் மார்பில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். ஒயர் இல்லாமலே அது அவர் இதயத் துடிப்பை நர்ஸ் மேஜைத் திரைக்கு அனுப்பும். அவர் வராந்தாவில் காலார நடக்கலாம். மத்தியானத்திலிருந்து திரையில் கோடு பேயாட்டம் ஆடியது. திடீரென்று தட்டையாகப் படுத்தும் விட்டது. நர்ஸ் கனகவல்லி பதறி ஓடிப் பார்த்தால், சுப்பராயலு சாவகாசமாகச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். ஒயர் வைத்த மானிட்டர் ஒன்றுதான். அதுவும் வேறொருவர் உடம்பில் இருந்தது.

"எத்தனை தடவை ஓடறது? நிஜமாவே ஏதாவது ஆனா, அப்பவும் பொய்யின்னுதானே நினைப்போம்?" என்றார் டாக்டர்.

"இன்னிக்கு நான் செட்டை ஆனே பண்ணலை. அந்தப் பெட்டி எந்த ஃப்ரீக்வென்சி?"

டாக்டர் சொன்னதும் திரிபுரசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. டி.வி. சேனல்கள் ஓடும் இடம் அது. அவளுடைய கருவி அங்கே போகவே போகாது. வேறு யாரோ அக்கம்பக்கத்தில் அலையைக் கக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"வாங்க, பிடிச்சிடலாம்!"

ரிசீவரைத் தோளில் மாட்டி, மீன்முள் போன்ற ஏரியலைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நர்ஸிங் ஹோம் ஆம்புலன்ஸ் டிரைவர் சேட்டு முன்னால் ஓடி வண்டிகளை நிறுத்தினான். "வய்யி வுடுப்பா! தாம்பரம் பஸ்ஸு, கொஞ்சம் நில்லு!" ஏரியலைத் திருப்பினாள். கிழக்கே ரிசீவரின் இரைச்சல் மெலிந்தது. தெற்கே காது கிழிந்தது. எந்தப் பக்கம் ரிசீவரின் முள் எகிறியதோ அந்தப் பக்கம் நடை, பிறகு ஓட்டம். புடவைக் கொசுவம் காலில் இடறியது. அவளுக்கு அது பொருட்டாகவே இல்லை.

இரைச்சல் உச்சத்துக்குப் போன இடம், நர்ஸிங் ஹோமுக்கு நாலு கட்டடம் தள்ளி இருந்த மாரியின் வாடகை சைக்கிள் கடை. கடைக்குள் டி.வி., வாசலில் பெருங்கூட்டம். நம் ஊர் டி.வி.யில் வராத கிரிக்கெட் மேட்ச் ஒன்று, கூரைமேல் நெடுங்குழாயில் கட்டிய ஏரியல் வழியாக இலங்கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏரியலுக்கும் டி.வி.க்கும் நடுவே சிக்னலைப் பெருக்கும் மலிவான பூஸ்டர் பெட்டி ஒன்று.

"மாரி, அந்த பூஸ்டரை அணை!"

"இன்னாக்கா பேஜார் பண்றே? கடைசி ஓவரு வந்துகினு கீது! என் வூட்டு கரண்டுதானே?"

"கரண்டு உன்னோடது, காத்து எல்லாருக்கும் பொது. உன் பெட்டி சிக்னலை வாங்கறதோட நிக்கலை, கெட்டுப்போய் அதுவே அனுப்புது. லைசென்ஸ் இல்லாம அனுப்பினா சட்டப்படி குத்தம். அத விடு, அங்கே ஒருத்தர் நெஞ்சுத் துடிப்பு திரையில தெரியலை!"

மாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். பூஸ்டரின் ப்ளக்கைப் பிடுங்கினான். படம் புள்ளிமழையானது, கூட்டம் கூச்சலிட்டது. நர்ஸிங் ஹோம் மாடியிலிருந்து கனகவல்லி இரண்டு கையையும் ஆட்டினாள். "கோடு சரியாயிடுச்சு!"

திரிபுரசுந்தரி வீட்டுக்கு ஓடித் தன் ஷார்ட்வேவ் ரேடியோவை எடுத்துவந்து கடைப் பலகைமேல் வைத்தாள். "இதுல கமெண்டரி கேளுங்க. இது யாரையும் தொந்தரவு பண்ணாது." கூட்டம் ரேடியோவை மொய்த்தது.

அந்த நேரத்தில்தான் நர்ஸிங் ஹோமில் அலாரம் அலறியது.

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாரி கையிலிருந்த ப்ளக்கை உயர்த்திக் காட்டினான். "நான் போடல சார்! இது நெச அலாரம் சார், ஓடுங்க!"

சாலமோன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. சேட்டும் பின்னாலேயே ஓடினான். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். திரிபுரசுந்தரி சைக்கிள் ஹேண்டில்பாரை இறுகப் பற்றிக்கொண்டு அந்த மாடியையே பார்த்தாள். சுப்பராயலுவின் முகத்தைக்கூட அவள் கண்டதில்லை. இருந்தும் தன் நெஞ்சே அங்கே துடிப்பதுபோல் இருந்தது.

சேட்டு நர்ஸிங் ஹோம் வாசலுக்கு வந்தான். "ஷாக்கு குட்த்தாங்க. பொயச்சிக்கினாரு! கண்ண தொறந்து பாக்கறாரு!"

தெருவே ஆர்ப்பரித்தது. மாரி சோடா உடைத்து நீட்டினான். பாதி புடவையில் சிந்த, திரிபுரசுந்தரி சிரித்துக்கொண்டே குடித்தாள். வெளியே வந்த டாக்டருக்கு மூச்சு இன்னும் வாங்கியது.

"மேடம், நாளைக்குக் காலையில கொஞ்சம் வர முடியுமா? ஆஸ்பத்திரியைச் சுத்தி ஒரு தடவை ஏரியலைப் பிடிச்சிப் பார்த்துடலாம். அப்புறம் வேற ஃப்ரீக்வென்சிக்கு யார்கிட்ட எழுதணும்னும் சொல்லுங்க."

"நாளைக்கு எதுக்கு டாக்டர்?" என்றாள் அவள், ரிசீவரை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டே. "வெளிச்சம் இருக்கே, இப்பவே பார்த்துடலாம்."