கரும்பச்சைக் கூடம்

அக்காவின் முகம் மட்டும் மிதந்துகொண்டிருக்கிறது, பின்னால் கரும்பச்சை, மழைக்காலத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியுமே அந்தப் பச்சை, பெயிண்ட் இன்னும் காயாத வாசனை, அக்கா கண்ணை மூடியிருக்கிறாளா திறந்திருக்கிறாளா தெரியவில்லை, கனவென்றால் மூடியிருக்கிறாள், நினைவென்றால் திறந்து என்னைப் பார்க்கிறாள், ஏய், சிரிக்க வைக்காதடி, பவுடர் உதிர்ந்துடும் என்கிறாள்.

அந்த நிறத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மா. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு பங்களா ஒன்றை ஓட்டலாக்கியிருந்தார்கள், அங்கேதான் அம்மாவுக்குச் சமையல் வேலை, கூடம் முழுக்கக் கரும்பச்சை அடித்த வீடு, ஒருநாள் அதன் முதலாளியம்மா அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்க, காப்பித் தட்டோடு நின்ற அம்மாவுக்கு அவள் முகம் விளக்குப் போலத் தெரிந்திருக்கிறது, சுவரு கருத்தா ஆளு வெளுப்பாத் தெரியுதுடி என்று மூச்சிரைக்க வந்து சொன்னாள், அந்த வெள்ளைக்காரி பிறந்ததிலிருந்தே வெளுப்புதான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் ரெஜினாக்காவை நிறம் கம்மி என்று விட்டுப்போயிருந்தார்கள், காரைக்காலிலிருந்து புதிதாக ஓர் இடம் வருவதாக இருந்தது. அம்மாவின் தம்பி சவரி மாமா பெயிண்ட் வேலை செய்கிறவர், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா இது, வூடா சினிமா கொட்டாயா, டிக்கெட்டு நான் கிழிக்கட்டுமா என்றார், நீ வாய மூடிக்கினு அடி என்றாள் அம்மா.

எங்கள் வீடு தாத்தாவின் தாத்தா காலத்தது, உத்தரங்கள் எட்டாத உயரத்தில் இருக்கும், கூடத்துக்குத் தெருப்பக்கம் ஒரே சன்னல், மற்ற வெளிச்சமெல்லாம் நடு முற்றத்திலிருந்து வரவேண்டும், அதையும் அந்தப் பச்சை குடித்துவிட்டது, மத்தியானத்திலேயே அந்தி இறங்கிக் கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்றவள் நான், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அக்கா சாப்பிட்டுவிட்டு என்னைக் கூடத்துத் தரையில் இழுத்துப் போட்டுக்கொள்வாள், இங்க யாரும் உன்னப் பாக்க முடியாது, என்னாலயே முடியல, படிடி என்பாள், பலகாரம் கட்டி வந்த பேப்பரை நான் சத்தமாகப் படிப்பேன், காணாமல் போன மாடு, வாடகைக்கு வீடு, அக்கா கண்ணை மூடிக் கேட்பாள், அந்தச் சில நாட்கள் இன்னும் முடியவில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

காரைக்கால்காரர்கள் வருகிறார்கள், அக்கா சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளையின் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள், ஒண்ணும் தெரியலியே, பொண்ண முற்றத்துக்குக் கூட்டியாங்க, வெளிச்சத்துல பாத்துடலாம். எல்லோரும் காப்பித் தம்ளரோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்கள், அக்கா எழவில்லை. எழுந்திருடி என்கிறாள் அம்மா பல்லைக் கடித்தபடி. நான் இங்கதான் இருக்கேன், பாக்கறவங்க இங்க வந்து பாக்கட்டும். அந்த அம்மாள் சிரிக்கிறாள், கடையில புடவ எடுத்தாக்கூட வாசல்ல வச்சு நெறம் பாப்பமேம்மா. அப்ப புடவையே எடுத்துக்கினு போங்க என்றாள் அக்கா.

அவர்கள் போனபிறகு அம்மா, இந்தக் கருவாச்சிக்காக நான் சுவத்த நாசம் பண்ணினேனே என்றாள், ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அந்த வாரமே அக்கா சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எனக்குப் போன் செய்வாள், சாப்ட்டியாடி, சுவரு எப்படி இருக்கு, அப்புறம் அவள் பக்கத்தில் பஸ் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீடு பூராவும் வெள்ளை என்று சொல்லிவிட்டாள் அம்மா, சவரி மாமா வந்தார், வெள்ளையில் ஒரு பூச்சு அடித்தார், காயக் காயப் பச்சை மேலே எழும்பி வந்தது. இது உன் பொண்ணு மாதிரிக்கா, சொன்ன பேச்சு கேக்காது என்று சிரித்தவர், அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு டீ குடிக்கப் போனார். அம்மா தானே பிரஷ்ஷை எடுத்தாள். அக்கா உட்கார்ந்த இடத்தை நெருங்கும்போது, வேணாம்மா என்று ஒரு குரல் கேட்டது, என்னுடையதுதான். ரெஜினாக்கா போன் பண்றப்பல்லாம் இந்தச் சுவரக் கேக்குது. அம்மா திரும்பவில்லை. உனக்குப் போன் பண்றாளா. பண்ணுதும்மா. சுவரக் கேக்கறாளா. ஆமாம். வேற யாரயும் கேக்க மாட்டாளா. பொய் சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. சுவரத்தாம்மா கேக்குது.

பிரஷ் தரையில் கிடக்கிறது, அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள், பாதி வெள்ளையின் வெளிச்சம் அவள் வரை எட்டவில்லை, மிச்சப் பச்சைக்கு முன்னால் அவள் முகம் மட்டும், அக்காவின் அதே நிறம், அதே நெற்றி, இத்தனை வருஷம் நான் எப்படிப் பார்க்காமல் இருந்தேன், வெள்ளை அடிக்கலன்னு அவகிட்டச் சொல்லு என்கிறாள், கொஞ்சம் பொறுத்து, ஏன்டி, அங்கிருந்து பாத்தா நான் தெரியறனா என்கிறாள், தெரியறம்மா என்கிறேன், தெரிகிறாள், கண்கள் திறந்துதான் இருக்கின்றன.