தாழ்ப்பாள் வண்டி

வண்டியில் பின்னால் உட்கார என் கணவர் ஹுவானுக்குத் தெரியாது என்பது, ஹா ஜியாங் நகரத்தைத் தாண்டிய முதல் மலையேற்றத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாலை இடப்பக்கம் வளைந்தால் வண்டியும் நானும் இடப்பக்கம் சாய்கிறோம். அவர் மட்டும் வலப்பக்கம் நிமிர்கிறார். வண்டி வளைவை விட்டு வெளியே ஓடப் பார்க்கிறது. போதாக்குறைக்கு எதிரே எது வந்தாலும் இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் தேடி மிதிக்கிறது.

"சென் அப்பா, அங்க பிரேக் இல்ல. அது என் கணுக்கால்."

"லாரி வருதில்ல?"

"அது அந்த மலையில வருது. நாம இந்த மலையில இருக்கோம்."

"முன்னாடியே சொல்லி வச்சா தப்பா?"

எங்கள் மகள் சென் பிறந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவர் சென் அப்பா, நான் சென் அம்மா. என் பெயர் மியென் என்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கும், பயணக் குழுவுக்கும்தான் ஞாபகம்.

ஐந்து வண்டி, பத்துப் பேர் கொண்ட குழு அது. ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் ஊரான தாய் ங்குயெனிலிருந்து வடக்கே மலைக்குக் கிளம்புவோம். எங்களிடையே ஓட்டுபவருக்கு 'ஓட்டி' என்று பெயர். பின்னால் கட்டிக்கொண்டு உட்காருபவர் 'அணைப்பு'. முதலில் போவது 'தலை', கடைசியில் வருவது 'தாழ்ப்பாள்'. தாழ்ப்பாள் வண்டி யாரையும் முந்தக்கூடாது. பஞ்சர் சாமான், கயிறு, மருந்துப் பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கும். யார் நின்றாலும் அது நிற்க வேண்டும். பத்தொன்பது வருடமாக ஹுவான்தான் தாழ்ப்பாள், நான் அவருடைய அணைப்பு.

மார்ச் மாதம் கூரைத் தகரம் மாற்றப் போய் ஏணியிலிருந்து விழுந்தார். இடது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் கைக்குக் கிளட்ச்சைப் பிடிக்கும் வலு திரும்பவில்லை. "போதும், வயசாச்சு" என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டியை விற்பதாகப் பேச்சும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியைத் துடைக்கிற மனிதர், அதன் பக்கமே போகாமல் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். சமையலில் அவருக்குச் சோறு வெந்ததா இல்லையா என்பதுகூடத் தெரியாது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் சந்தைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவள்தான். ஆனால் கியர் உள்ள நூற்றைம்பது சிசி வண்டியை, சுமையோடு, மலையில் ஓட்டுவது வேறு. ஏப்ரலிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் பெண்களோடு உடற்பயிற்சி நடனம் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டு, அவர் வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக் கிளப்பிக்கொண்டு கல் குவாரிச் சாலைக்குப் போனேன். விடுமுறை நாட்களில் சென் வந்து கற்றுக்கொடுத்தாள். "அம்மா, கிளட்ச்ச மெதுவா விடு. அது அப்பா இல்ல, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்க" என்பாள். ஏழு முறை விழுந்தேன். முழங்கால் காயத்துக்கு நடனத்தின் மேல் பழி போட்டேன்.

ஆகஸ்டில் விஷயத்தைச் சொன்னபோது ஹுவான் தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு, "எந்த கியர்ல குவாரி மேடு ஏறுவ?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாவது."

"ம்."

குழுவின் தலையான பாங்குக்குத்தான் தயக்கம். "அக்கா, நீங்க தாராளமா ஓட்டுங்க. ஆனா நடுவுல வாங்க. தாழ்ப்பாள வேற யாராவது பாத்துக்கட்டும்."

அதற்குள் ஹுவான் குறுக்கிட்டார். "நான் உட்கார்ற வண்டிதான் தாழ்ப்பாள். நடுவுல போய் எனக்குப் பழக்கமில்ல. சென் அம்மா யார் கையும் படாம மா பி லெங் கணவாயத் தாண்டினா சரி. வேற ஒருத்தர் கைப்பிடியத் தொட வேண்டி வந்துச்சுன்னா, அங்கயே திரும்பிடுவோம். ஊருக்குப் போனதும் வண்டி பக்கத்து வீட்டுக்குப் போயிடும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, என்னை மிரட்டவில்லை, தன்னையே ஒரு முடிவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று தோன்றியது. சரி என்றேன்.

அப்படிக் கிளம்பி வந்த முதல் நாளில்தான் இந்த எதிர்ப்பக்கச் சாய்வு. யென் மின் பைன் காட்டில் ஒரு வளைவில் வண்டி எதிர்த்தடம் வரைக்கும் போய்த் திரும்பியது. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"இறங்குங்க."

"ஏன்? நல்லாத்தானே ஓட்டுற?"

"நான் நல்லாத்தான் ஓட்டுறேன். நீங்களும் ஓட்டுறீங்க. அதான் பிரச்சினை. ஒரு வண்டிக்கு ரெண்டு ஓட்டி."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது வருஷம் உங்க முதுகுல சாஞ்சுக்கிட்டு வந்தேனே, ஆசையில வந்தேன்னா நினைச்சீங்க?"

"பின்ன?"

"ஆசையும்தான். ஆனா உங்க உடம்பு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் என் உடம்பும் போகணும். அதுக்குத்தான் ஒட்டிக்கிட்டேன். ரோட்டப் பாக்கவே மாட்டேன். பாத்தா பயம் வரும், பயந்தா உடம்பு விறைக்கும், வண்டி கேக்காது. நீங்க பெரிய ஓட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. பாதி நான் ஓட்டினது."

ஹுவான் பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது புதுச் செய்தி என்று தெரிந்தது.

"இத ஏன் இத்தன வருஷம் சொல்லல?"

"நீங்க கேக்கல."

மறுபடி ஏறினோம். அவர் கைகள் தயங்கித் தயங்கி என் இடுப்பைச் சுற்றின. அந்தப் பெரிய உடம்பு என் முதுகில் ஒட்டியது. முதல் நாலு வளைவு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் விட்டார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வளைந்தது.

டோங் வான் ஊரில் அன்றிரவு விடாமல் மழை பெய்தது. காலையில் எலும்புச் சாற்றில் தோய்த்த அரிசிமாவு ஆவிச்சுருள்களைச் சாப்பிட்டுக் கிளம்பினோம். கணவாய்க்குச் சற்று முன்னால் பாங்கின் வண்டி நின்றது. மழைக்காலத்தில் வருடா வருடம் சரிகிற அதே இடத்தில் மலை மறுபடி சரிந்திருந்தது. மண் அள்ளும் இயந்திரம் கல்லையெல்லாம் தள்ளிவிட்டு, ஐம்பது அறுபது மீட்டர் நீளத்துக்குச் சிவப்புச் சேற்றை விட்டுவைத்திருந்தது. சேற்றுக்கு வலப்பக்கம் பள்ளத்தாக்கு. அதை நான் பார்க்கவில்லை.

சேறு வந்தால் அணைப்புகள் இறங்கி நடக்க வேண்டும், ஓட்டி மட்டும் வண்டியைக் கடத்துவார். அது எங்கள் வழக்கம். நான்கு பெண்கள் இறங்கினார்கள். ஐந்தாவதாக ஹுவானும் இறங்கினார்.

பாங்கின் மனைவி ஞாய் கைதட்டினாள். "வாங்க அண்ணே, வாங்க! செருப்ப கையில எடுங்க. பேன்ட்ட மடிச்சு விடுங்க, வெக்கப்படாதீங்க. அணைப்பு சங்கத்துல புது உறுப்பினர்!"

"சந்தா எவ்வளவு?" என்றார் ஹுவான் விறைப்பாக.

"எங்க ஹெல்மெட்டெல்லாம் தூக்கிட்டு வரணும்."

நல்ல கையில் மூன்று ஹெல்மெட்டுகளோடு அவர் சேற்றில் நடந்ததை நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன். மறு கண் வண்டிகள் மேல் இருந்தது. பாங் ஆடித் தள்ளாடிக் கடந்தான். இரண்டாவது வண்டி அதே தடத்தில் போனது, தடம் ஆழமானது. மூன்றாவது ஒருமுறை படுத்து எழுந்தது. நான்காவது நடுவில் சிக்க, இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். கடைசி வண்டிக்கு மிஞ்சியது சக்கரத்தின் பாதி முங்குகிற ஒரு வாய்க்கால். தாழ்ப்பாளுக்கு எப்போதும் மிஞ்சுவது அதுதான். என் வண்டியில் அதிகப்படியாகப் பன்னிரண்டு கிலோ சாமான் வேறு.

பாங் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "அக்கா, இருங்க! நான் வந்து எடுத்துட்டு வந்துடறேன்!"

"வராத!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

ஹுவான் சேற்றின் அந்தக் கரையில் நின்றுகொண்டு, "தடத்த விட்டுடாத! தடத்துலயே வா! முதல் கியர்!" என்று கை வீசிக்கொண்டிருந்தார்.

அப்போது மலைச்சுவரை ஒட்டி மூன்று மொங் மலைவாசிப் பெண்கள் முதுகுக் கூடையோடு வந்தார்கள். சேற்றைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தியின் ரப்பர் செருப்பில் விரல் நுனி மட்டும்தான் சிவப்பாக இருந்தது. பார்த்ததும் என் பாதத்துக்கு ஞாபகம் வந்தது. நானும் இங்கே அப்படித்தான் நடந்திருக்கிறேன். ஓட்டிகள் சாலையின் நடுவில் மல்லுக்கட்டும்போது, நாங்கள் அணைப்புகள் சுவரோரமாக நடந்து, அந்தப் பக்கம் போய்ப் பூசணி விதை கொறித்துக்கொண்டு நிற்போம். சுவரிலிருந்து உதிர்கிற சரளை அங்கே மெத்தை மாதிரி படிந்திருக்கும். இறுகிய மெத்தை. அகலம் ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஓட்டியவர்கள் யாரும் அந்த வழியில் கால் வைத்ததில்லை.

வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"எங்க போற? சென் அம்மா! தடம் இங்க இருக்கு! இங்க!"

"கத்தாதீங்க அண்ணே" என்று ஞாய் அவரை அதட்டுவது கேட்டது. "அவ நடந்த வழி அவளுக்குத் தெரியாதா?"

இரண்டாவது கியர். சரளை நறநறத்தது, ஆனால் அமுங்கவில்லை. கைப்பிடிக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம். ஓரிடத்தில் பாறை வெளியே துருத்தியிருந்தது. கைப்பிடியின் முனை அதில் உரசி, முன்சக்கரம் சேற்றுப் பக்கம் துள்ளியது. பின்சக்கரம் வழுக்கியது. குவாரியில் விழுந்த ஏழு முறையும் அந்த நொடியில்தான் நான் காலை ஊன்றியிருந்தேன். இந்த முறை ஊன்றவில்லை. உடம்பை மட்டும் சுவர்ப் பக்கம் சாய்த்தேன். வண்டி யோசித்தது. பிறகு என்னோடு வந்தது.

தார்ச்சாலையில் சக்கரம் ஏறியபோது இயந்திர ஓட்டுநர் உட்பட எல்லோரும் கத்தினார்கள். ஞாய் என் ஹெல்மெட்டின் மேலேயே முத்தம் கொடுத்தாள். பாங் என் வண்டியின் சக்கரத்தையும் தன் வண்டியின் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என்னுடையதில் சேறு விளிம்பைக்கூடத் தொடவில்லை. அவன் இடுப்பு வரைக்கும் சிவப்பாக இருந்தான்.

"அக்கா, அந்த வழி எப்படித் தெரியும்?"

"பத்து தடவ நடந்திருக்கேன்டா. உன் பொண்டாட்டியும்தான் நடந்தா. அவளக் கேக்கலாமில்ல?"

ஞாய் அவனைப் பார்த்த பார்வையில், அன்று இரவு அவன் நிறையக் கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தது.

ஹுவான் ஹெல்மெட்டுகளை இன்னும் கீழே வைக்கவில்லை. சுவரோரச் சரளையைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "தடத்துலயே வான்னு சொன்னேன்" என்றார்.

"கேட்டுச்சு."

"கேட்டிருந்தா மாட்டியிருப்ப."

"ஆமா."

அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொல்லக்கூட வழியில்லாத ஈரக் காற்று.

அரை மணி நேரத்தில் மா பி லெங் உச்சியில் நின்றோம். மேகம் விலகி, அடியாழத்தில் ஞோ க்வே ஆறு பச்சைக் கயிறாகக் கிடந்தது. சுட்ட மக்காச்சோளம் வாங்கினோம். பாங் மென்றுகொண்டே மெதுவாகப் பேச்சைத் தொடங்கினான். "அப்ப அண்ணே, வண்டி? பக்கத்து வீட்டுக்காரர் காத்துக்கிட்டிருப்பாரே?"

ஹுவான் போனை எடுத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் பேசினார். "தம்பி, அந்த வண்டி விக்கல... ஆமா, பேசினேன்தான்... ஓட்டி ஒத்துக்க மாட்டேங்குறாங்க... இல்லப்பா, நான் ஓட்டி இல்ல. நான் அணைப்பு."

ஞாய் சோளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

மியோ வாக் பக்கம் இறங்கத் தொடங்கினோம். முதல் வளைவில் அவர் என் முதுகோடு சாய்ந்தார். இரண்டாவதிலும் சாய்ந்தார். மூன்றாவது வளைவில் சாலை முழுவதும் கீழே விரிந்தது. முன்னால் போகிறவர்களை எண்ணினேன். நான்கு வண்டிகள், ஒன்றும் விடுபடவில்லை. மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.