குடல் இல்லாத கொடுவா

அன்று விடிகாலையில் தாரணி தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனது ஏமாற்றுவதற்காகத்தான். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் அவளுக்கு முன்னால் வேறு ஆட்கள் நின்றார்கள்.

முதல் ஆள் மிஸ்டர் பரஞ்சோதி. பணியில் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்டுவதாகச் சொல்லி, கடலுக்குள் நீளும் பிடோக் ஜெட்டியில் வருடாவருடம் மீன்பிடிப் போட்டி நடத்தும் சங்கத்தின் சேர்மன். போட்டியில் தூண்டில் போடுவதெல்லாம் கம்பெனிக்காரர்கள். வீரர்களுக்கு முதுகில் 'ஹீரோ' என்று அச்சடித்த மஞ்சள் சட்டை, கூடாரத்துக்குள் ஒரு நாற்காலி, பொட்டலத்தில் பீஹூன் சேமியா. அரை நாள் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பெரிய மீனுக்கான கோப்பை எப்படியோ எல்லா வருடமும் சேர்மனுக்கே போய்ச் சேரும்.

தாரணியின் அப்பா சுப்பிரமணியம் படையில் சார்ஜண்டாக இருந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவரும் மூன்று வருடம் உட்கார்ந்து கைதட்டினார். இந்த வருட விளக்கக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், போனது கால்தான். கை ரெண்டும் நல்லா இருக்கு. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு தூண்டில் குடுங்க."

"சேஃப்டி சார், சேஃப்டி," என்று பரஞ்சோதி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார், குழந்தைக்குத் தட்டுவதுபோல. அதற்குள் நாலைந்து போன்கள் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தன. அவற்றைக் கண்டதும் சேர்மனுக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "ஓகே லா, இந்த வருஷம் ட்ரையல் வைப்போம்! பன்னெண்டு மணிக்குள்ள உங்க ஆளுங்கள்ல யாராவது ஒரே ஒரு மீன் பிடிச்சிட்டா, அடுத்த வருஷத்துலேருந்து நீங்களும் போட்டியாளர்தான். பிடிக்கலைன்னா பழையபடி கூடாரம். டீல்?"

"டீல்," என்றார் சுப்பிரமணியம்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் தாரணி. அங்கே மனித கண்ணியம் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதி ஏ கிரேடு வாங்கினாள். தோளைத் தட்டுகிறவனை என்ன செய்வது என்று மட்டும் அந்தக் கட்டுரையில் இல்லை. அந்தக் கூட்டத்திலிருந்து அவளுக்கு ஒரே கவலை. அப்பா ஒரு மாதமாக ஆங் மோ கியோவில் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில் தூண்டில் வீசிப் பழகினார். அந்த ஒரு மாதத்தில் அவர் பிடித்தது தரைத்தளத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை. அதையும் இரண்டு முறை. மறுபடியும் மஞ்சள் சட்டையோடு கூடாரத்துக்குள் அவரைப் பார்க்க அவளால் முடியாது. ஆகவே தேக்கா.

அவள் போன நேரம் யாக்கூப் பாய் கடையில் ஏற்கனவே ஓர் ஆள் நின்றிருந்தான். சேர்மனின் உதவியாளன் பிரேம். போட்டிச் சின்னம் பொறித்த சட்டை, மீன் சந்தைக்குப் பொருந்தாத சென்ட் வாடை. தாரணி சட்டென்று பக்கத்துக் கடை வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"பாய், இருக்கறதுலேயே பெரிய கொடுவா எது?"

யாக்கூப் பாய் ஐஸிலிருந்து ஒரு கொடுவாயைத் தூக்கிக் காட்டினார். பச்சைக் குழந்தை கனம் இருக்கும்.

"அதான், அதான்! பேக் பண்ணுங்க," என்ற பிரேமின் போன் அப்போது பார்த்து அலறியது. "யெஸ் சார். வாங்கிட்டேன் சார். யாரும் பாக்கலை சார்," என்றபடி முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்தான்.

யாக்கூப் பாய் முப்பது வருடமாகத் தேக்காவில் மீன் விற்கிறவர். குடலோடு மீனை வீட்டுக்கு எடுத்துப் போகிற தமிழனை அவர் கண்டதில்லை. அதனால் கேட்கக்கூட இல்லை. கத்தியை எடுத்தார், வயிற்றில் ஒரு கோடு போட்டார், குடலையும் செவுளையும் ஒரே இழுப்பில் வாளியில் போட்டார், தண்ணீர் விட்டு அலசினார். செதில் எடுக்கும் தகட்டை அவர் கையில் எடுக்கவும் பிரேம் திரும்பி வரவும் சரியாக இருந்தது.

"லேட்டாச்சு பாய், போதும் போதும், குடுங்க!"

பையை வாங்கியவன் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. மீன் குழம்பைத் தட்டில் மட்டுமே சந்தித்த ஜென்மம். 'தம்பி, மீனைப் பாருப்பா' என்று சொல்லத் தாரணிக்கு வாய் வரை வந்தது. மூடிக்கொண்டாள். வாயைத் திறந்து அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட தடவைகள் எத்தனையோ உண்டு. மூடியதில் இவ்வளவு சந்தோஷம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அவன் போனதும் முன்னால் வந்தாள். "பாய், எனக்கும் ஒரு கொடுவா. கத்தியே படக்கூடாது. குடல், செவுள் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும்."

"ஏம்மா, அப்படியே வெச்சு என்ன செய்யப் போற?"

"நடிக்கணும் பாய்."

"யாரு, நீயா?"

"மீனு."

யாக்கூப் பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு மேக்கப் போட்டா தனிக் காசு," என்று பையை நீட்டினார்.

ஜெட்டியில் அவள் கழுத்தில் 'பராமரிப்பாளர்' என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். அவள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் சட்டைக்காரர்களுக்குக் கைப்பிடிக் கம்பியின் கோடியில், வெயில் நேராக அடிக்கிற இடமாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கம்பிக்கு முட்டுக்கொடுத்து, தூண்டிலைக் கடலில் வீசினார். அவருக்குத் தெரியாமல் நாற்காலிக்கு அடியில் நீல ஐஸ் பெட்டியைத் தள்ளினாள் தாரணி. அப்பா எப்படியும் ஒரு தடவையாவது கழிவறைக்குப் போவார். அந்தச் சமயத்தில் மீனைக் கொக்கியில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில் ஏரம்பமூர்த்தி. கடற்படையில் இருந்தபோது பார்வை போனவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; இங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சை விடாதவர்.

"பிள்ளை, உந்தப் பெட்டிக்குள்ள என்ன?" என்றார் மெல்ல, மூக்கை உறிஞ்சியபடி.

"தண்ணி, அங்கிள்."

"ஓம் ஓம். நல்ல கொழுத்த தண்ணி போல கிடக்கு."

தாரணி காது கேட்காத மாதிரி கடலைப் பார்த்தாள்.

மணி பத்தானது, பதினொன்றானது. மஞ்சள் சட்டைகளின் தூண்டில் ஒன்றுகூட அசையவில்லை. சங்கம் இரைக்குக் கொடுத்த இறால் வெயிலில் கொழகொழத்துப் போய், அதை மீன்கள் மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவோ கழிவறைக்குப் போவதாகத் தெரியவில்லை. காவல் பணியில் நிற்கிற சார்ஜண்ட் மாதிரி அசையாமல் இருந்தார்.

"அப்பா, பாத்ரூம் போகணுமா?"

"இல்ல."

"தண்ணி நெறைய குடிச்சீங்களே."

"தாரணி, உனக்கு வேற வேலை இல்லையா?"

அப்போதுதான் ஜெட்டியின் நடுவில் கூச்சல் எழுந்தது. "ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்!" பரஞ்சோதியின் தூண்டில் வளைந்து நின்றது. அவர் பின்னால் சாய்ந்தார், முன்னால் குனிந்தார், நெற்றியைத் துடைத்தார். நல்ல நடிகர். கடைசியில் கம்பிக்கு மேலே வந்தது அந்தப் பிரமாண்டமான கொடுவா. துடிக்கவில்லை, துள்ளவில்லை. தியானத்தில் இருந்தது. பிரேம் பாய்ந்து போய் அதன் வயிற்றைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். மீனை ரகசியமாகக் கொக்கியில் மாட்டும்போதே அவனுக்கு எல்லாம் தெரிந்து போயிருக்க வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்படித் திரும்பு பிரேம், போட்டோவுக்குக் காட்டு!"

"இந்தப் பக்கம்தான் சார் அழகு!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஏரம்பமூர்த்தி எழுந்தார். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, செயற்கைக் கால் டக் டக்கென்று வழிகாட்ட, கூட்டத்துக்குள் போனார். தாரணியும் பின்னாலேயே போனாள். இதைத் தவறவிட அவளுக்கு மனம் வருமா?

"மிஸ்டர் பரஞ்சோதி, எனக்குக் கண் தெரியாது. உங்கட மீனை ஒருக்கா தொட்டுப் பார்க்கலாமோ?"

"வேணாம் சார், முள்ளு குத்தும்!" என்று பிரேம் பின்வாங்கினான்.

போன்கள் திரும்பின. பரஞ்சோதியின் பெருந்தன்மை மறுபடியும் பொங்கியது. "சே, என்னப்பா நீ! நம்ம ஹீரோ தொடட்டும், குடு!"

ஏரம்பமூர்த்தியின் விரல்கள் தலையில் ஆரம்பித்து, முதுகில் வழுக்கி, வயிற்றுக்கு வந்தன. அங்கே நின்றன. பிறகு மெதுவாக உள்ளே போயின, மணிக்கட்டு வரை.

"ஐயோ பாவம்," என்றார். "குடல் இல்லை."

அவர் கையை வெளியே எடுத்து மீனின் கன்னத்தைத் தடவினார். "செவுளும் இல்லை. குடலும் இல்லாமல், மூச்சும் விடாமல், இவ்வளவு தூரம் நீந்தி வந்து கொக்கியைக் கவ்வியிருக்கு. இதுதான் ஐயா ஹீரோ. இதுக்கு ஒரு மஞ்சள் சட்டை குடுங்கோ."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் ஜெட்டி முழுக்கச் சிரித்தது. போட்டி நடுவர் நசீர், தராசோடு வந்த பெரியவர், வயிற்றுக் கீறலை விரித்துப் பார்த்தார். "சுத்தமான கத்தி வேலை. கழுவிக்கூட இருக்கு. இந்த மீன் செல்லாது."

பரஞ்சோதி சிவந்து போனார். "யாரோ மாத்திட்டாங்க! நான் மட்டும்தான் கிடைச்சேனா? எல்லார் பெட்டியையும் திறங்க! எல்லாருமே யோக்கியமான்னு பாத்துடலாம். அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க!"

அந்தக் கோடி என்றால் மஞ்சள் சட்டைகள். தாரணி சிரிப்பை நிறுத்தினாள். ஓடிப்போய் நீலப் பெட்டியை வெளியே இழுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா டக் டக்கென்று வந்து எதிரே நின்றார். "எந்திரி."

"தண்ணிதான்பா."

"எந்திரி."

மூடியைத் திறந்தார். உள்ளே ஐஸ்மேல் கொடுவா வட்டக் கண்ணால் அவரைப் பார்த்தது. ஏசுவார் என்று தாரணி எதிர்பார்த்தாள். ஏச்சென்றால் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும்.

"நான் புடிக்க மாட்டேன்னு முடிவே பண்ணிட்ட," என்றார் அவர் மெதுவாக. "அந்தாளும் அதைத்தான் முடிவு பண்ணியிருந்தான். தோள்ல தட்டுறது ஒண்ணுதான் நீ செய்யல."

அவள் ஏ வாங்கிய கட்டுரையில் இதற்கும் ஒன்றும் இல்லை.

நசீர் இரண்டு நாற்காலி தள்ளி வந்துவிட்டார். பின்னால் பரஞ்சோதி, அவருக்குப் பின்னால் போன்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். கொடுவாயை இழுத்து மடிமேல் போட்டு, தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாகக் கூறு போட ஆரம்பித்தார்.

"சார், என்ன இது?" என்றார் நசீர்.

"இரை."

"கொடுவாயா? இரைக்கா?"

"நீங்க குடுத்த இறால் நாறிப்போச்சு. சொந்த இரை கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்கா?"

"இல்ல," என்றார் நசீர். தாரணியை ஒரு பார்வை பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய இரை நான் பாத்ததே இல்ல."

"ஹீரோல்லாம் இப்படித்தான்," என்றார் ஏரம்பமூர்த்தி. "எனக்கும் ஒரு துண்டு தாரும், சுப்பிரமணியம். தண்ணி நல்லாத்தான் கொழுத்திருக்கு."

மஞ்சள் சட்டைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு போனது. தூண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுந்தன. பன்னிரண்டாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பரஞ்சோதி இடுப்பில் கைவைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் தூண்டில் நுனி ஒருமுறை தலையாட்டியது. பிறகு பிடித்து இழுத்தது.

"அப்பா!" தாரணி பாய்ந்தாள்.

"கிட்ட வராத! உன் கை பட்டா அது நான் புடிச்சது இல்ல!"

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சும்மா நிற்பது இவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. செயற்கைக் கால் கம்பியில் மோதி மோதிச் சத்தம் எழுப்ப, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ரீலைச் சுற்றினார். வந்தது உள்ளங்கை அளவில் ஒரு கெளுத்தி. மீசையோடு, வழவழவென்று, ஜெட்டியிலேயே அவலட்சணமான மீன். ஆனால் வாலை அடித்துத் துள்ளியது. கர் கர்ரென்று எல்லாரையும் திட்டியது.

நசீர் முள் படாமல் துணியால் பிடித்து, வயிற்றைத் தடவிப் பார்த்தார். "குடல் இருக்கு." வாயைப் பிளந்தார். "செவுள் இருக்கு." கையைக் கடிக்க வந்தது. "கோபமும் இருக்கு. செல்லும்!"

"இதெல்லாம் ஒரு மீனா?" என்றார் பரஞ்சோதி.

"மீன்னுதான் சார் சொன்னீங்க," என்றார் சுப்பிரமணியம். "அழகா இருக்கணும்னு சொல்லல."

போன்கள் எல்லாம் சேர்மன் முகத்துக்கு நேரே நீண்டன. டீல் என்று அவர் சொன்ன காணொளி பாதிப் பேர் கையில் இருந்தது. "அடுத்த வருஷம்... எல்லாரும் போட்டியாளர்," என்று மென்று விழுங்கினார். மறக்காமல் தோளைத் தட்டக் கை நீட்டினார். சுப்பிரமணியம் கெளுத்தியை அந்தக் கையில் வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பிரேம் பையோடு வந்து நின்றான். வேலை போகுமோ என்கிற முகம். "அக்கா, இந்த மீனை என்ன பண்றதுன்னு தெரியல. சார் கடல்ல வீசச் சொல்றாரு."

"அடுத்த தடவை கத்தி படாம வாங்குங்க," என்றாள் தாரணி. "பாய்கிட்ட முதல்லயே சொல்லிடணும்."

பிரேமின் வாய் பிளந்தது. "நீங்க... அங்க இருந்தீங்களா?"

"வாழையிலைக்குப் பின்னால."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யோசிச்சேன்."

அப்பா பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். இன்னும் அவள் பக்கம் திரும்பவில்லை. "நல்லாத்தான் கழுவியிருக்காங்க," என்றார் ஏரம்பமூர்த்தியிடம். "ராத்திரி வீட்டுக்கு வாங்க, குழம்பு வெச்சிடுவோம்."

"பிள்ளைக்கும் உண்டோ?"

சுப்பிரமணியம் திரும்பிப் பார்க்காமலே பையை மகளிடம் நீட்டினார்.

"செதில் எடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."