வெட்டாத மூலை

மாமனார் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, காலிச் சாக்குகளை உதறிக்கொண்டு வரப்பில் வந்தபோது அவன் காலைப் புல்லை அறுத்துக் கட்டி முடித்திருந்தான். தீவனப்புல்லை வரிசை வரிசையாக அறுத்து வருவான். கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை மறுபடி இடுப்புயரம் நிற்கும். கிணற்றோர மூலைக்கு மட்டும் அரிவாள் போவதில்லை. மனைவி செத்ததிலிருந்து போனதில்லை. அங்கே புல் இரண்டாள் உயரம் வளர்ந்து, தண்டு முற்றி, பகலிலேயே உள்ளே இருட்டிக் கிடந்தது. முற்றின தண்டை மாடு சீந்தாது. ஏன் வீணாக்குகிறாய் என்று கேட்டவர்களிடம், நடுவதற்குத் தண்டுக் கரணை வேண்டும், அதற்காக விட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தான். அந்தப் பொய்தான் இப்போது மாமனார் காதுக்கு எட்டி, சாக்கோடு வந்திருந்தது.

“என்ன மாப்ள, யானை கட்டப் போறீங்களா?” மாமனார் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். ஒரு தண்டை வளைத்துக் கணுவைத் தடவினார். “நல்லா முத்தியிருக்கு. ரெண்டு ரெண்டு கணுவா நறுக்கினா நான் புதுசா உழுத காட்டுக்குத் தாராளமாப் போதும்.”

“அது வேண்டாம் மாமா. வேற எடத்துல வாங்கித் தர்றேன்.”

“இங்க இருக்கறப்ப எதுக்கு வேற எடம்?”

“வேண்டாம்னா விடுங்களேன்.”

மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. இந்த வயலின் முதல் கரணை அவர் கொண்டுவந்தது. அப்பாவும் மகளுமாக நட்டார்கள். அவன் அப்போது பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான்.

“பொண்ணையே குடுத்தவன் நான். புல்லுக்கு உங்ககிட்ட பல்லக் காட்டணுமா?”

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “அங்கதான் மாமா விழுந்து கெடந்தா.”

மாமனாருக்குப் பாம்பு கடித்தது என்று தெரியும். இடம் தெரியாது. அன்றைக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர். சாக்கை நழுவவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார். “தலை எந்தப் பக்கம்?” என்றார். அவன் கிணற்றுப் பக்கம் கை காட்டினான்.

துக்கம் கேட்க வந்த யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மற்றதையும் சொல்லியிருப்பானோ என்னவோ. அந்த மூலையையும் அறுத்தால் ஒரு மழைக்கு மறுபடி துளிர்க்கும், மாடு தின்னும், சாணமாகும். அந்தத் துளிர்ப்பைத்தான் அவனால் பொறுக்க முடியாது.

“அந்தப் பாம்ப அடிச்சாங்களா?”

“இல்ல மாமா. யார் கண்ணுலயும் படல.”

மாமனார் எழுந்தார். “அப்ப இன்னும் உள்ளதான் இருக்கும். எம் பொண்ணக் கொன்னதுக்கு வீடு கட்டிக் குடுத்து, காவலுக்கும் நிக்கிறீங்க.”

அது அவள் இடம் என்று மட்டும்தான் அவன் நினைத்திருந்தான்.

மாமனார் ஒரு கையில் கழியும் மறு கையில் அவனுடைய அரிவாளுமாக ஓரத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார். கழியால் தூரைத் தட்டுவார், காது கொடுப்பார், வெட்டுவார். தண்டுகள் காய்ந்த இலைச் சோகையோடு சரசரவென்று சாய்ந்தன. ஒவ்வொரு சரசரப்புக்கும் இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். பாதி மூலை வெளுத்தபோது அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. அரிவாளைப் பிடி முன்னால் வர நீட்டினார்.

“இதுக்கு மேல அவ கெடந்த எடம், எனக்குக் கை வரல. நீங்க வெட்டுங்க.”

வாங்கினான். பிடி வேர்வையில் ஈரமாக இருந்தது. மிச்சப் புல் அவன் முகத்துக்கு நேரே சுவர்போல நின்றது. வெட்டுப்பட்ட பச்சையின் வாசனை தொழுவம் வரை போயிருக்க வேண்டும். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு பசியோடு கத்தியது.