மெக்சிக்கோ வாரமும் கறிவேப்பிலையும்

"ருடி, உனக்கு மெக்சிக்கோச் சமையல் தெரியுமா?"

முதலாளி கஃப்லிஷ் இப்படிக் கேட்டபோது நான் முழங்கைவரை சவர்க்கார நுரையில் நின்றுகொண்டிருந்தேன். உருத்திரமூர்த்தி என்ற என் பெயர் அந்தச் சுவிஸ் மலைநாட்டு எங்கடின் ஹோட்டலுக்கு வந்த முதல் நாளே ருடியாகிவிட்டது. எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதம். விருந்தாளிகளுக்கு 'மெக்சிக்கோ வாரம்' என்று மனிதர் வாசலில் பலகையும் எழுதி வைத்தாயிற்று. அதைச் சமைக்க வேண்டிய சமையல்காரரோ முதல்நாள் பனிச்சறுக்கப் போய், காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"யா, யா! கொழும்பில் பெரிய ஹோட்டலில் பதினைந்து வருஷம் எல்லாம் சமைத்திருக்கிறேன்" என்றேன்.

பச்சைப் பொய். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவன். பேனையையும் ரப்பர் முத்திரையையும் விட்டால் இந்தக் கை வேறொன்றையும் தூக்கியதில்லை. தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூட நான் கழுவியதாக என் மனைவி சாட்சி சொல்ல மாட்டாள். சமையல் படித்ததெல்லாம் இங்கே அகதி முகாமில், பசிக்குப் பயந்துதான்.

வேறு என்ன செய்வது? ஈஸ்டரோடு சீசன் முடிந்துவிடும். கோப்பை கழுவுகிற வேலையும் போய்விடும். பிறகு முகாமின் அடுக்குக் கட்டிலில் மல்லாந்து படுத்து முகட்டைப் பார்க்க வேண்டியதுதான். இந்த வாரம் நன்றாகப் போனால் என்னைச் சமையல்காரனாக வருஷம் முழுக்க வைத்துக்கொள்வதாகவும், வேலை அனுமதிக்குத் தானே கன்டோன் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவதாகவும் முதலாளி சொன்னார். அந்தக் கடிதத்துக்காகச் சந்திரனில் சமைத்தவன் என்றும் சொல்லியிருப்பேன்.

என்னோடு கோப்பை கழுவிய சண்முகலிங்கம் தலையில் கை வைத்தான்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? மெக்சிக்கோ எந்தத் திக்கில கிடக்குதெண்டாவது தெரியுமோ?"

"அவையும் மிளகாய் தின்னுற ஆக்கள்தானேடா. பொத்து வாயை. வெங்காயத்தை உரி."

"உரிக்கிறன், உரிக்கிறன். ஆனா ஒண்டு. நீங்கள் என்னத்தைச் சமைச்சாலும் சீசன் முடிய எங்களைக் கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போடுவாங்கள். இருந்து பாருங்கோ."

அவன் வாயில் நல்ல சொல்லே வராது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூரிச் லங்ஸ்ட்ராசே வீதித் தமிழ்க் கடையில் வாங்கிவந்த சரக்குத்தூள் பையை அவிழ்த்தேன். சிவப்பு அவரையையும் மாட்டிறைச்சியையும் தூள் போட்டு வற்றவைத்தேன். கோதுமை மாவில் ரொட்டி தட்டினேன். நாங்கள் இரண்டு பேருமே மாடு தின்னாத ஆட்கள். வாயில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் உப்பைக் கண்மதிப்பில்தான் போட்டேன். கடைசியில் பழக்கதோஷத்தில் காய்ந்த கறிவேப்பிலையையும் ஒரு பிடி தாளித்துக் கொட்டிவிட்டேன். முதலாளி வண்டில்சில்லு அளவில் ஒரு ஓலைத்தொப்பியை என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அமோகம். சனம் மூக்கு வடிய வடியத் தின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் சண்முகலிங்கம் குசினிக்குள் ஓடிவந்தான்.

"அண்ணை, துலைஞ்சம்! வெளியில மெய்யான மெக்சிக்கோக்காரர் ஒராள் இருக்கிறார். மகள் சுவிஸ்காரனைக் கட்டியிருக்கிறாவாம். தேப்பனுக்குப் பனி காட்டக் கூட்டிவந்தவ, பலகையைக் கண்டிட்டு உள்ள வந்திருக்கினம். முதலாளி உங்களை வரட்டாம்."

சிவசிவா! தொப்பியும் ஆளுமாகப் போய் நின்றேன்.

அறுபதைத் தாண்டிய, என்னைப்போலக் கறுத்த மனிதர். எயுசேபியோ என்று மகள் சொன்னாள். இரண்டு விரலுக்கிடையில் ஒரு கறிவேப்பிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கள் ஐயா," முதலாளி சாப்பாட்டறை முழுவதற்கும் கேட்கும்படி கேட்டார், "உங்கள் வீட்டில் சாப்பிடுவது போலவே இருக்கிறதா?"

கிழவர் ஸ்பானிஷில் சொன்னதை மகள் ஜெர்மனில் சொன்னாள். "இல்லை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் நாட்டிலேயே இப்படி ஒரு சாப்பாடு இல்லை."

முதலாளியின் கழுத்துச் சிவந்தது. என் கடிதம் போயிற்று என்று நினைத்தேன்.

"கையைக் காட்டு" என்றார் கிழவர்.

நீட்டினேன். அவர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தடவினார். ரொட்டிக்கல் சுட்ட தழும்பு, கத்தி வெட்டு, சவர்க்காரம் தின்ற விரல் நுனி. பிறகு பேசத் தொடங்கினார். மகள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

ஐம்பத்தோராம் ஆண்டு அமெரிக்கத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போக வரிசையில் நின்றாராம். ஆள் எடுப்பவர்கள் எல்லோருடைய உள்ளங்கையையும் தடவிப் பார்ப்பார்களாம்; காய்ப்பு இல்லாதவன் வீட்டுக்கு. இவரோ முடி வெட்டுகிறவர், பஞ்சுக் கை. இரண்டு கிழமை செங்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பு வரவைத்துக்கொண்டு போனாராம். எல்லையில் ஆடு மாட்டுக்கு அடிப்பதுபோல மேலெல்லாம் பூச்சிமருந்துத் தூள் அடித்தார்களாம். குட்டைப் பிடி மண்வெட்டியோடு நாள் முழுக்க முதுகு வளைத்து இலைக்கோசுத் தோட்டத்தில் வேலை. அறுவடை முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"போகும்போது என் கையைப் பார்த்தார்கள்" என்றார். "திரும்பி வரும்போது ஒருவரும் பார்க்கவில்லை."

பிறகு என் கையைப் பிடித்து முதலாளியின் முன்னால் நீட்டினார்.

"இது மெக்சிக்கோச் சாப்பாடு இல்லை. ஆனால் இது சமையல்காரன் கை. பாருங்கள்."

முதலாளி குனிந்து பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். பக்கத்து மேசை ஜெர்மன்காரர், "எந்த நாடாக இருந்தாலென்ன, இன்னொரு தட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். சபை சிரித்தது. முதலாளி கழுத்தைச் சொறிந்துகொண்டு என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். பலகையில் 'மெக்சிக்கோ' என்பதைக் கைக்குட்டையால் அழித்தார்.

"உன் நாட்டை எப்படி எழுதுவது?"

சுண்ணக்கட்டியை வாங்கி நானே எழுதினேன். கச்சேரிக் கையெழுத்து, முத்து முத்தாக விழுந்தது.

"கடிதம்?" என்று கேட்டேன். விடுவேனா?

"நாளைக்கு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கொழும்பு ஹோட்டல் கதையை விட்டுவிடுவோம், ருடி."

மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகள் வந்தன. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் கறிவேப்பிலை ஒதுக்கிக் கிடந்தது. எயுசேபியோவின் தட்டை சண்முகலிங்கம் தூக்கிப் பார்த்தான். துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"அண்ணை, மனிசன் கறிவேப்பிலையையும் எல்லோ திண்டிருக்கு!"

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னண்ணை, அழுறியளோ?"

"வெங்காயமடா" என்றேன்.

"வெங்காயம் காலமை உரிச்சதெல்லோ" என்றான் அந்தப் படுபாவி.