கோட்டுக்குள் மிளகாய்

சேலையூரில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்திய வில்பிரட் சாருக்குச் சட்டை போட முடியாத வியாதி வந்தது. அக்கி ஆறிவிட்டது, அது விட்டுச்சென்ற நரம்பு வலி மட்டும் வலது விலாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. துணி உரசினாலே உயிர் போனது. மகள் ஜோவிதாவின் கல்யாணத்துக்கு ஆறே வாரம். கோட்டுப் போட்டு அவளை ஆலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டிய மனுஷர், வெறும் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"மிளகாயை எண்ணெயில காய்ச்சித் தடவுனா நரம்பு வலி அடங்கும்ங்க. எங்க சித்தி தடவுவாங்க," என்றார் மனைவி ரத்தினபாய்.

"எரியுற இடத்துல மிளகாயா? சயின்ஸ்ல ஆதாரம் இருக்கா?" என்று சிரித்த சிரிப்பில் அவர் விலா இன்னும் வலித்தது. நன்றாக வேண்டும் அவருக்கு.

செம்பாக்கத்து டாக்டர் கெசியா ஒரு களிம்பு எழுதினார்.

"இதுல என்ன டாக்டர் இருக்கு?" என்று கேட்டார் ரத்தினபாய்.

"மிளகாயோட காரம்தான்மா, கேப்சைசின். தினம் தடவுனா வலியைச் சொல்ற நரம்பு ஓய்ஞ்சு போகும். ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் கேக்காது, சிலருக்கு நல்லாக் கேக்கும். ஆனா வீட்ல காய்ச்சாதீங்க, அளவு தப்புனா தோல் வெந்துடும். தடவுனதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவணும் சார்."

ஆட்டோவில் ரத்தினபாய் கேம்ப் ரோடு முழுக்கப் புன்னகைத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பதில் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது வில்பிரட்டுக்கு.

முதல் வாரம் எரிந்து தள்ளியது. நாலாவது வாரம் பனியன் போட்டார். ஐந்தாவது வாரம் சட்டை! தெருவில் இரண்டு முறை வேண்டுமென்றே நடந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை ஆலயத்தில் ஒத்திகை. அவசரத்தில் களிம்பைத் தடவிய கையோடு கிளம்பியவர், அங்கே நெற்றி வியர்வையைத் துடைத்து அப்படியே கண்ணையும் துடைத்தார். தாரை தாரையாகக் கண்ணீர்.

"அழாதீங்க சார், பொண்ணு பெருங்களத்தூர்லதானே இருக்கப் போறா," என்று தேற்றினார் பாஸ்டர் ஐசக்.

ரத்தினபாய்க்குப் புரிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "லேப்ல எத்தனை பிள்ளைங்களைக் கை கழுவலைன்னு திட்டியிருப்பீங்க!"

மறுநாள் கோட்டில் சார் மாப்பிள்ளை மாதிரியே இருந்தார். ஜோவிதா அவருக்கு வலிக்குமே என்று இடது பக்கம் வந்தாள். "இந்தப் பக்கமே வாம்மா," என்று வலது கையை நீட்டினார். அவள் அவர் விலாவோடு ஒட்டி நடந்தாள். வலிக்கவில்லை. அவள் கைச்சூடு மட்டும் தெரிந்தது. பீடத்தருகே அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவருக்குக் கண்ணீர் கொட்டியது.

"இன்னிக்கும் கழுவலையா?" என்று கிசுகிசுத்தார் ரத்தினபாய்.

"ரெண்டு தடவை கழுவிட்டேன்," என்றார் வில்பிரட்.