குவாயட்டான மாப்பிள்ளை

என் தங்கை தேவிஸ்ரீக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான்.

மாப்பிள்ளை பெயர் பரமேஸ்வரன். குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். பாச்சாங்கில் சொந்த வீடு. அம்மாவும் அவனும் மட்டும்தான். தரகர் ராமையா ஜாதகத்தை நீட்டிய நாளிலிருந்து எங்கள் அப்பா இருளாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்த மனிதர். அம்மா போன பிறகு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். நான் கல்யாணமாகி அடுத்த தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். அப்பாவோடு வீட்டில் இருப்பது தேவி மட்டும்தான். அவளையும் ஒரு நல்ல இடத்தில் கொடுத்துவிட்டால் நிம்மதி என்பார். வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது.

பெண் கொடுக்கும் முன் நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். அப்பாவும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரித்துவிட்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"எல்லாரும் ஒரே மாரி சொல்றாங்கம்மா. அப்படி ஒரு குவாயட்டான பையனாம்."

"யாருப்பா சொன்னா?"

"அவன் சூப்பர்வைசர் சொன்னாரு, வெரி குவாயட்லா, பிரச்சனையே இல்லன்னு. கோயில் கமிட்டி சாமிநாதன் ரிசர்வ்ட் டைப்புன்னாரு. மளிகைக்கடை மருதமுத்து ரொம்ப சாஃப்ட்டுங்கறான். இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?"

எனக்கு வேண்டியிருந்தது. நான் டைப்பிஸ்ட்டாக இருப்பது ஒரு வக்கீல் ஆபிஸில். ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்கிற வக்கீல் அவர். 'காம்', அமைதியானவன், என்று யாராவது சொல்லியிருந்தால் அது மனசைச் சொல்லும். 'குவாயட்' என்றால் வெளியே சத்தம் இல்லை, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லாது. 'ரிசர்வ்ட்' என்றால் எதையோ வெளியே விடாமல் வைத்திருக்கிறான். 'சாஃப்ட்' என்று தலையணையைக்கூடச் சொல்லலாம். மூன்றும் ஒரே மாதிரி என்று அப்பா நினைத்தார். எனக்கு மூன்றும் வேறு வேறு கதவுகளாகத் தெரிந்தன. மூன்றும் சாத்தியிருந்தன.

இன்னொன்றும் உறுத்தியது. மருதமுத்து மாமா திட்டினாலும் தமிழ், கொஞ்சினாலும் தமிழ். பிடித்த பையனாக இருந்தால் தங்கமான பிள்ளை என்று கடை அதிரச் சொல்லியிருப்பார். அவர் வாய் ஏன் இங்கிலீஷுக்குப் போனது? கல்யாணப் பேச்சைக் கெடுத்த பாவமும் வேண்டாம், பொய் சொன்ன பாவமும் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் நல்ல ஒதுங்குமிடம். அங்கே நின்றுகொண்டால் எந்த மழையும் நனைக்காது.

குடியா? வேறு பெண்ணா? சொல்ல முடியாத வியாதியா? என்னென்னவோ ஓடியது. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வக்கீல் ஆபிஸ்ல ஒக்காந்து ஒக்காந்து ஒனக்கு எல்லாரும் கேஸாத்தான் தெரியறாங்க," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு ரவிக்கைத் துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாச்சாங்குக்குப் பஸ் ஏறினேன். பரமேஸ்வரன் வீட்டுக்கு ஒட்டின வீட்டில் சுப்பம்மா என்று ஒரு அக்கா தையல் தைக்கிறார் என்பதை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தேன். அளவெடுக்கும்போது பேச்சை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினேன். நான் யாரென்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"நல்ல குவாயட்டான பையம்மா," என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

இதற்காகவா பஸ் ஏறி வந்தேன் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, ஒங்க வீட்லயும் ஒங்க மக சாந்தி கல்யாணத்துக்கு இருக்கே. ஒட்டுன வீடு, சொந்த வீடு. இவருக்குக் குடுப்பீங்களா?"

அளவு நாடா என் தோளிலேயே நின்றது.  அந்த நேரத்தில்தான் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். ராஜம்மா, மாப்பிள்ளையின் தாய். கையில் சோற்றுக் கரண்டி.

"சுப்பு, தம்பிக்குச் சோறு போடவான்னு கொஞ்சம் கேளேன்," என்றார் தணிந்த குரலில்.

சுப்பம்மா அக்கா ஜன்னல் வழியாக அந்த வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "தம்பீ, அம்மா சோறு போடவான்னு கேக்கறாங்க."

"போடச் சொல்லுங்கக்கா," என்று அந்த வீட்டுக்குள்ளேயிருந்து மாப்பிள்ளையின் பதில் வந்தது. மெதுவான, இனிமையான குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கலாம். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நான் அளவு நாடாவை விலக்கிவிட்டுத் திரும்பினேன். "என்னக்கா இது?"

"தீபாவளிக்கு அந்தம்மா வச்ச ஆட்டுக்கறில உப்பு கூடிப்போச்சு. வந்தவங்க முன்னால மானம் போச்சுன்னு அன்னைக்கு வாய மூடுனான். பொங்கல் போச்சு, தைப்பூசம் போச்சு, பங்குனியும் வந்தாச்சு. இன்னும் பெத்த அம்மாகிட்ட ஒரு வார்த்த இல்ல. கத்த மாட்டான், கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். எங்ககிட்டல்லாம் அக்கா அக்கான்னு அப்படிப் பேசுவான். அந்தம்மா மட்டும் பைப்புகிட்ட நின்னு தனியா பேசிக்கிட்டிருக்கு." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. குவாயட்டுன்னு சொன்னது பொய் இல்லல்ல?"

பொய்யில்லைதான். அதுதான் பயமாக இருந்தது.

நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். உம்பாய் கடற்கரையிலிருந்து வந்த மீனைத் தேவி அடுப்படியில் ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல வாய் ஓயவில்லை: பஸ்ஸில் யாரோடோ போட்ட சண்டை, பக்கத்து வீட்டுப் பூனை, மீன்காரன் எடையில் செய்த திருட்டு. அப்பா பேப்பர் படித்தபடி ம், ம் என்று போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

"அடிக்கிறானா? இல்ல. குடிக்கிறானா? இல்ல," என்றார் அப்பா. "ஊர்ல எத்தன பேரு சம்சு சாராயம் குடிச்சிட்டுப் பொண்டாட்டி மண்டைய ஒடைக்கறான். இவன் பேசலதானே? பேசலன்னா என்னா இப்ப?"

அடுப்படியில் தேவியின் பேச்சு நின்றது. பைப்புத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அப்பா ஒரு பக்கம் புரட்டினார். அதையே திருப்பிப் புரட்டினார்.

"தேவி, மீன்காரன் என்னா சொன்னான்?"

பதிலில்லை.

"தேவி."

எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.  

"ஏதாச்சும் பேசும்மா," என்றார் அப்பா. குரல் உடைந்துவிட்டது. "இந்த வீட்ல ஒன் சத்தம் இல்லாம நான் எப்படிம்மா இருக்கறது?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.  பிறகு கூடத்துக்கு வந்து டெலிபோனை எடுத்துத் தரகருக்குச் சுழற்றினார்.

"ராமையா, வெள்ளிக்கிழமை வேணாம்... ஜாதகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு... என்னா காரணம் சொல்றதா? எம்பொண்ணு பெரிய வாயாடி. அவ பேசுனா திரும்பிப் பதில் பேசற ஆளு வேணும். இத அப்படியே தமிழ்லயே சொல்லிடு."

அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"யாருப்பா வாயாடி?" என்றாள் தேவி.